வளைவில் ஆடும் வண்டி

என் சைக்கிள் கடை வைஸை, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற அந்தக் கருவியை, நானே பார்த்துப் பார்த்து வாங்கினேன். கனத்த இரும்பு. அதன் வாய்க்குள் ஒரு குழாயை வைத்துத் திருகினால் குழாய்தான் சப்பையாகும், வைஸ் அசையாது. அதே வாய்க்குள் என் வலது கை விரல்களை வைத்துத் திருக என் கடைக்கே ஒருவன் வருவான் என்று முந்தின நாள் யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாரும் என்றிருப்பேன்.

திங்கட்கிழமை மத்தியானம் வந்தான். களக்காட்டுச் சங்கிலிபூதத்தான். அதுவரை அவரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவது. வாழைத்தார் ஏற்றுகிற குட்டியானை வண்டி ஓட்டுகிறவர். அப்பா இல்லாத வீட்டில் தம்பி செந்தில்முருகனைத் தூக்கி வளர்த்தவர். தம்பி கேட்டான் என்று மலைச்சைக்கிள் வாங்கிக் கொடுத்தவர். மரியாதைப்பட்ட ஆள்தான். ஆனால் உள்ளே வந்ததும் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, மேசையில் கிடந்த ஸ்பேனரை எடுத்து என் வாயிலேயே அடித்தவனை அவர் இவர் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன்.

முன்பல் ஒன்று கழன்று நாக்கில் விழுந்தது. அதைத் துப்புவதற்குள் கூட வந்த சுடலைமாடன் பின்னாலிருந்து என் கழுத்தை வளைத்துவிட்டான். அவன் சங்கிலிபூதத்தானிடம் லோடு ஏற்றுகிறவன். தார் தூக்கித் தூக்கி உரமேறிய கை. மூச்சு விட முடியவில்லை.

"ஏலே எபி, என் தம்பி வண்டியில என்னலே செஞ்சே?"

அவன் கேட்டதன் பொருள் எனக்குத் தெரிந்தே இருந்தது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை களக்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பொத்தைக் குன்றில் மலைச்சைக்கிள் பந்தயம். உச்சியிலிருந்து பாறையும் சரளையுமாக வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஜெயிக்கப் போகிறவன் செந்தில்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாதி இறக்கத்தில் ஒரு வளைவில் அவன் வண்டியோடு பறந்து பாறையில் போய் விழுந்தான். ஹெல்மெட் பிளந்துவிட்டது. அப்போதிருந்து பெரியாஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறான். கோப்பையைத் தூக்கினவன் பாக்கியசீலன், என் மனைவி சாலோமியின் தம்பி. சனிக்கிழமை செந்திலின் வண்டியை சர்வீஸ் செய்து கொடுத்தது நான். இதையெல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்க ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ராத்திரி உட்கார்ந்தால் போதும்.

"நான் ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. என் கையால அவன் வண்டியக் கெடுப்பேனா?"

"எந்தக் கை? இந்தக் கையா?"

என் வலது கையைப் பிடித்து இழுத்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைஸின் வாய்க்குள் திணித்தான். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினான். முதலில் குளிர்ந்த இரும்பு தொட்டது. அடுத்த சுற்றில் நகம் வெளுத்தது. அதற்கடுத்து நான் கத்திய கத்தல் சமாதானபுரம் சாலையில் போன ஆட்டோக்காரனுக்குக் கேட்டிருக்கும். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"பந்தயத்துக்கு முன்னாலயே வண்டி ஆடுதுன்னு அவன் உன்ட்ட போன்ல சொன்னான். நான் பக்கத்துல நின்னு கேட்டேன். ஆடுத வண்டியத் தெரிஞ்சே ஓட்ட விட்டிருக்கே. மச்சினன் ஜெயிக்கணும், என்னா?"

போன் வந்தது நிஜம். ஞாயிறு காலை, ஒத்திகை ஓட்டம் முடிந்ததும் செந்தில் கூப்பிட்டான். "எபியண்ணே, நேரா போம்போது ஒண்ணுமில்ல. வளைவுல சாச்சா மட்டும் முன்னால கெடந்து ஆடுது. பயமா இருக்குண்ணே" என்றான். ஓட்டாதே என்றேன். டயரில் காற்றைப் பார், முன்சக்கரத்தைக் கழற்றி மறுபடி மாட்டு என்றேன். நான் கொடுத்த பிறகு யாராவது சக்கரத்தைக் கழற்றினார்களா என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தினான். "அண்ணன் பக்கத்துல நிக்காவ, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டான். அப்புறம் பேசவில்லை. விழுந்துவிட்டான்.

இதைச் சொன்னேன். பல் போன இடத்திலிருந்து ரத்தம் வழிந்து பாதி வார்த்தை நுரையாகத்தான் வந்தது. அவன் கேட்டுக்கொண்டே கைப்பிடியில் கை வைத்திருந்தான். அந்த நேரத்தில் பயத்தை விட எனக்குக் கோபம்தான் அதிகம் வந்தது. இன்ஜினியரிங் படித்துவிட்டு, கங்கைகொண்டான் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்தக் கடையைத் திறந்தவன் நான். கோயிலில் அப்பா எவரைப் பார்த்தாலும் 'எம்மவன் பஞ்சர் ஒட்டுதான்' என்று சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்றார். அதற்கெல்லாம் அசையாதவன் ஒரு வாழைத்தார் வண்டிக்காரனிடம் விரலைக் கொடுத்துவிட்டு உட்காருவேனா?

"சங்கிலி வே," என்றேன். அண்ணாச்சி அதோடு போயிற்று. "வண்டிய எங்க வச்சிருக்கீரு?"

"வெளிய கெடக்கு. கொளுத்தப் போறேன்."

"கொளுத்துறதுக்கு முன்னால உள்ள கொண்டாரும். ஆடுனது எதனாலன்னு நான் சொல்லுதேன், உம்ம கையாலயே பாரும். நான் செஞ்ச தப்பா இருந்தா முழுக் கையையும் எடுத்துக்கிடும். ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அவன் என்னை முறைத்துப் பார்த்தான். "தப்பு ஒண்ணுமே இல்லன்னு ஆச்சுன்னா?"

"ஆடுச்சுன்னு உம்ம தம்பியே சொல்லியிருக்கான். தப்பு எங்கனயோ இருக்கு."

"சரி. நீ சொல்லுத எடம் ஒண்ணொண்ணா பாப்பேன். ஒரு எடம் நல்லா இருந்தா ஒரு திருகு. மாடா, பிடிச்சுக்கோ."

குட்டியானையின் பின்பக்கத்திலிருந்து வண்டியை இழுத்துவந்து தரையில் போட்டான். ஹேண்டில்பார் ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தது. சீட்டில் காய்ந்த ரத்தம். முன்சக்கர ரிம் ஓரிடத்தில் நெளிந்திருந்தது. ஆனால் சக்கரம் கழன்று விழவில்லை, அதைப் பிடித்து வைக்கிற லீவரும் மூடியே இருந்தது. எட்ட இருந்து பார்க்க அது சரியாகத்தான் தெரிந்தது.

"டயர அமுக்கிப் பாரும்."

கட்டை விரலால் அமுக்கினான். "கல்லு மாதிரி இருக்கு. மாடா!"

சுடலைமாடன் திருகினான். ஆள்காட்டி விரலில் சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. சத்தம் முதலில் வந்தது, வலி பிறகு வந்தது. நின்ற இடத்திலேயே மடங்கப் பார்த்தேன். சுடலைமாடன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். என் இடது கையை என் முதுகுக்குப் பின்னால் முறுக்கி வைத்திருந்தான். திட்டினேன். சர்ச்சுக்குப் போகிற வேதக்கோயில் பையன் பேசக் கூடாத எல்லா வார்த்தையும் பேசினேன்.

"அடுத்தது சொல்லுலே."

"முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு வண்டிய முன்னும் பின்னும் ஆட்டும். ஹேண்டில்பாருக்குக் கீழ, முன்சக்கரத்தத் தாங்குத ஃபோர்க் நுழையுத கழுத்துல ஒரு விரல வச்சுப் பாரும். அங்கன தட்டுதா?"

ஆட்டினான். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தான். "இல்ல."

"பைய ஆட்டும் வே, மாட்டுக்கு லாடம் அடிக்கவா செய்யுதீரு!"

மறுபடி ஆட்டினான். கழுத்தில் ஒன்றுமில்லை. அவன் கண் காட்டினான், சுடலைமாடன் திருகினான். நடுவிரல் நகம் பிளந்து ரத்தம் வைஸின் பல்லில் இறங்கியது. இந்த முறை நான் கத்தவில்லை. கத்தினால் மயங்கிவிடுவேன், மயங்கினால் என் விரலுக்காகப் பேச ஆளில்லை.

"கம்பி," என்றேன். "ரெண்டு ரெண்டு கம்பியாச் சேத்து நெருக்கிப் பாரும்."

சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நெருக்கிப் பார்த்தவன் ரிம் நெளிந்த இடத்துக்கு வந்ததும் நின்றான். இரண்டு கம்பிகள் தொளதொளவென்று ஆடின. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

"லூசா வச்சிருக்கே! லூசா வச்சு என் தம்பிய அனுப்பியிருக்கே!"

சைக்கிள் பம்பை எடுத்து என் விலாவில் ஓங்கி ஓங்கி அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் வைஸில் மாட்டிய விரல் இழுத்தது. "வெட்டிப் போட்டிருவேன், குடும்பத்தோட வெட்டிப் போட்டிருவேன்" என்று அவன் சொல்லச் சொல்ல எச்சில் என் முகத்தில் தெறித்தது. சாலோமி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிற நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

"ரிம்மப் பாரும் வே!" என்று அலறினேன். "நெளிஞ்ச எடத்துல பாரும்! பாறையில இடிச்ச காயம் பளபளன்னு புதுசா இருக்கா இல்லையா? அங்கன மட்டுந்தான் கம்பி லூசு. மத்த எடமெல்லாம் விறைப்பா இருக்கு. இது விழுந்ததுல வந்தது. ஆட்டம் விழுறதுக்கு முன்னாலயே இருந்துச்சு. அதத்தான் தேடணும்!"

பம்பு அந்தரத்தில் நின்றது. குனிந்து பார்த்தான். பாறை கிழித்த வெள்ளைக் கோடு கம்பி லூசான இடத்தில்தான் இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தான். அவன் நம்பவில்லை. ஆனால் பம்பைக் கீழே போட்டான்.

"ஒரு கையால ஃபோர்க்கைப் பிடியும். இன்னொரு கையால சக்கரத்த மேல பிடிச்சு, அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளிப் பாரும். பக்கவாட்டுல."

தள்ளினான். டொக் என்றது. இன்னொரு தடவை தள்ளினான். டொக். சிறிய சத்தம்தான். எனக்கு மட்டும் அது கோயில் மணியாகக் கேட்டது.

"எங்கன தட்டுது? கையில தெரியுதா?"

"கீழ. சக்கரத்துக்கு நடுவுல, ஃபோர்க்குல மாட்டுத எடத்துல."

முன்சக்கரத்தை ஃபோர்க்கின் இரண்டு காலுக்கு நடுவில் பிடித்து வைப்பது ஒரு லீவர்தான். அதைத் திறக்க ஸ்பேனர் வேண்டாம். யார் வேண்டுமானாலும் திறக்கலாம், மூடலாம். அங்கே இரும்பை இரும்பு நேராகக் கவ்வ வேண்டும், நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. பிடி தளர்ந்தாலும் நேராகப் போகும்போது தெரியாது. வளைவில் சாய்த்தால் சக்கரம் தன் இடத்தை விட்டு நகரும், வண்டி ஓட்டுகிறவன் கேட்காத பக்கம் திரும்பும்.

"லீவரத் திறந்து பாரும். எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு சொல்லும்."

"தொட்டதும் திறந்துட்டு."

"நான் மூடுனா உள்ளங்கையில தடம் பதியும் வே. சனிக்கிழமை நான் மூடுனது அப்படி. அதுக்குப் பெறவு இத யாரோ கழட்டியிருக்கான். சக்கரத்தக் கழட்டுனது யாரு?"

சங்கிலிபூதத்தான் சக்கரத்தையே பார்த்தான். லீவரில் வைத்த கை அப்படியே நின்றது. நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எடும் சக்கரத்த," என்றேன்.

சக்கரத்தை உருவினான். அதன் அச்சு முனையில், இரும்பும் இரும்பும் கவ்வ வேண்டிய இடத்தில், ஒரு கறுப்புக் கயிறு சுற்றியிருந்தது. சுற்றி முடிச்சுப் போட்டது. நசுங்கித் தட்டையாகி, பாதி இழை அறுந்து, எண்ணெயில் ஊறிக் கிடந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கட்டி மூடும்போது கயிறு தடிமனாக இருந்திருக்கும், லீவரும் இறுக்கமாகத்தான் மூடியிருக்கும். பத்து வளைவு ஓட்டினால் கயிறு நசுங்கும், பிடி விட்டுப்போகும். லீவர் மட்டும் மூடின மாதிரியே இருக்கும்.

"இங்கன கயிறு கட்டுன மடையன் எவம்லே!" என்று கத்தினேன்.

சுடலைமாடன் எட்டிப் பார்த்தான். பாவம், அவனுக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது. "அண்ணாச்சி, இது நம்ம கோயில்ல மந்திரிச்ச கயிறுல்லா? சனிக்கிழமை நம்ம வண்டி அச்சுக்குக் கட்டினோமே, அதுல மிச்சம்..."

அவன் முடிப்பதற்குள் சங்கிலிபூதத்தான் அந்தச் சக்கரத்தாலேயே அவன் முகத்தில் அடித்தான். சுடலைமாடன் என்னை விட்டுவிட்டு ஷட்டரில் போய் மோதிச் சரிந்தான். மூக்கைப் பொத்திய விரல்களுக்கு நடுவில் ரத்தம் கொட்டியது. அப்போதுதான் நான் சங்கிலிபூதத்தானின் மணிக்கட்டைப் பார்த்தேன். அங்கேயும் அதே கயிறு, அதே முடிச்சு.

வண்டிக்கு அச்சில் கயிறு கட்டுவது எல்லோரும் செய்வதுதான். லாரிக்கும் டிராக்டருக்கும் அதனால் ஒன்றும் வராது, அங்கே அது சும்மா சுற்றிக் கிடக்கும். செந்தில் தன் சைக்கிளில் எதையும் கட்ட விடமாட்டான். எலுமிச்சம்பழம் தொங்கவிட்டால் பந்தயத்தில் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று ஒரு தடவை என் கடையில் வைத்தே அண்ணனோடு சண்டை போட்டான். அதனால் அண்ணன்காரன் அவன் கண்ணில் படாத இடமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறான்.

சங்கிலிபூதத்தான் சுத்தியலை எடுத்தான். கொஞ்ச நேரம் என்னையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீதான் கட்டினே," என்றான்.

"நீரு கட்டினது வே."

"நீதான் கட்டினேன்னு சொல்லுலே." குரல் உடைந்திருந்தது. "சொல்லிரு. சொன்னா விட்டுருதேன். விரல எடுத்து விட்டுருதேன்."

"சொல்ல மாட்டேன்."

சுத்தியல் என் தலைக்குப் பக்கத்தில் மேசையில் இறங்கியது. பலகை பிளந்து சிராய் கன்னத்தில் குத்தியது. "சொல்லு! சொல்லு! சொல்லு!" ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி. அவன் அழுதுகொண்டே அடித்தான். அடுத்த அடி என் மண்டையில்தான் என்று எனக்குத் தோன்றியது. தெரிந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "கொல்லும் வே. கொன்னாலும் அது நீரு கட்டின கயிறுதான்" என்றேன். சுத்தியலை உச்சிக்குத் தூக்கினான்.

மேசையில் கிடந்த என் போன் அடித்தது. அவன் திரும்பிப் பார்த்தான். தனலட்சுமி அக்கா என்று பெயர் ஓடியது. அவன் மனைவி. செந்திலின் மதினி, ஆஸ்பத்திரியில் கூட இருக்கிறவள். தன் பெண்டாட்டி தன்னைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிடுகிறாளே என்று சந்தேகம். ஸ்பீக்கரில் போட்டு என் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினான். மற்றக் கையில் சுத்தியல் அப்படியே இருந்தது.

"எபி தம்பி, செந்தில் முழிச்சிட்டான்யா! கண்ணு முழிச்சிட்டான், பேசுதான்." அவள் அழுகையும் சிரிப்புமாகப் பேசினாள். "உங்க அண்ணாச்சி அங்கன வரலல்லா? அவுகளுக்கு இன்னும் நான் சொல்லல. செந்தில்தான் முதல்ல உமக்குப் போடச் சொன்னான். முன்சக்கரத்துல ஏதோ கயிறு இருக்காமே. பந்தயத்துக்கு முன்னால உம்மட்ட பேசிட்டு அத அவன் பாத்துட்டானாம். அவுக ஆசையாக் கட்டினது, பக்கத்துலயே நிக்காவ, அவுக முன்னால எப்படி அறுக்கன்னு அப்படியே மாட்டி ஓட்டிட்டானாம். அத அண்ணன் பாக்குறதுக்குள்ள எபியண்ணன்கிட்ட சொல்லி அறுத்துப் போடச் சொல்லுங்க மதினி, பாத்தா அண்ணன் உசிர விட்டுருவாவன்னு இதையே திரும்பத் திரும்பச் சொல்லுதான். தம்பி, கேக்கா?"

சங்கிலிபூதத்தானின் கையிலிருந்து சுத்தியல் நழுவித் தரையில் விழுந்தது.

"கேக்குது அக்கா," என்றேன். வாயிலிருந்த ரத்தத்தை விழுங்கிக்கொண்டு பேசினேன். "அறுத்துட்டேன்னு சொல்லுங்க. அண்ணாச்சி பாக்கலன்னு சொல்லுங்க."

போன் அணைந்தது. அவன் வைஸின் கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் சுற்றினான். என் விரல்கள் வெளியே வந்தன. அவை என் விரல் மாதிரியே இல்லை. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் தன் வலது கையை, மணிக்கட்டில் கயிறு கட்டிய கையை, வைஸின் வாய்க்குள் முழுசாக வைத்தான். கைப்பிடியை என் பக்கம் தள்ளினான்.

"திருகுலே," என்றான். "நிப்பாட்டாம திருகு."

திருக எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. இடது கையால் கைப்பிடியைப் பிடித்தும் விட்டேன். அவன் கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கைப்பிடியை விட்டுவிட்டு அதே இடது கையால் அவன் கன்னத்தில் என் பலம் முழுவதையும் சேர்த்து ஓர் அறை விட்டேன். தலை திரும்பியது. கன்னத்தைக்கூட அவன் தடவிக்கொள்ளவில்லை.

"வண்டிய எடுக்கச் சொல்லும் வே. ஆஸ்பத்திரிக்கு நானும்தான் போகணும்."

சுடலைமாடன் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குட்டியானையை ஓட்டினான். நடுவில் சங்கிலிபூதத்தான், ஓரத்தில் நான், கையில் கடைத்துணி சுற்றியிருந்தேன். கிளம்பும் முன் அச்சிலிருந்து அறுத்த கயிறு அவன் மூடிய கைக்குள் இருந்தது. முருகன்குறிச்சி சிக்னலில் வண்டி நின்றபோது அதை ஜன்னல் வழியாக எறியப் போனான். பிறகு எறியாமல் பையில் போட்டுக்கொண்டான்.

"அவன் முகத்தப் பாத்து நான் என்னத்தச் சொல்ல?"

"ஒண்ணும் சொல்லப்படாது," என்றேன். "உமக்கு ஒண்ணும் தெரியாது. கேட்டீரா? சாகுற வரைக்கும் உமக்கு ஒண்ணும் தெரியாது."

அவன் முன்னால் குனிந்து டேஷ்போர்டில் நெற்றியை இடித்துக்கொண்டான். மறுபடியும் இடித்தான். சுடலைமாடன் பதறிப்போய் என்னைப் பார்த்தான். ஓட்டுலே, இடிக்கட்டும் என்றேன்.